வீடு திரும்பும் நாள்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காரியதரிசி மாறும்போது, பொறுப்பை ஏற்பவர் காகிதத்தில் கையொப்பமிட்டால் போதும் என்று நாம் விட்டுவிடுவதில்லை. ரொக்கத்தை எண்ணச் சொல்கிறோம்; நூலையும் சேலைகளையும் இருப்புப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்கிறோம்; கணக்கு அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று நாலு கேள்வியும் கேட்கிறோம். மாரடைப்புக் கண்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதும் இத்தகைய பொறுப்பு ஒப்படைப்பே என்பது சென்ற ஆண்டு நமக்கு விளங்கிற்று.

தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், ஐம்பதைத் தாண்டிய அங்கத்தினர் ஒருவர் அவ்வாறு திரும்பியிருந்தார். இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் அனுப்பியிருந்தார்கள். பார்க்கப் போனோம். "மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டோம்.

"வலிதான் நின்றுவிட்டதே ஐயா! கொடுத்தது நேற்றோடு தீர்ந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்" என்றார். அவர் மனைவியாரின் கவலையோ வேறு. கொல்லைப்புறம் வரை நடக்கவும் அவரை அந்த அம்மையார் விடவில்லை.

ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும், அதனோடு தரப்படும் குளோபிடோகிரல் போன்ற மருந்தையும் தாமாக நிறுத்தினால், அந்த உலோக வலைக்குள்ளேயே இரத்தம் உறைந்து மீண்டும் அடைப்பு நேரலாம். வழக்கமாக இவ்விரண்டையும் சுமார் ஓராண்டு சேர்த்தே கொடுப்பார்கள். மருத்துவமனையில் இதைச் சொல்லாமல் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. வாய்ச்சொல்லோ கட்டிலைக் காலி செய்யும் பரபரப்பில் வந்தது. அன்றே அவரை மகனோடு மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம்.

ஒரு காலத்தில் மாரடைப்பு என்றால் ஆறு வாரம் படுக்கைதான். நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று லெவைன், லவுன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1952-ல் எழுதியது அன்று பெரும் புதுமையாக இருந்தது. 1955 செப்டம்பர் 24-ந் தேதி மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐசன்ஹோவர், நவம்பர் 11-ந் தேதிதான் மருத்துவமனையை விட்டுக் கிளம்பினார். இன்று சிக்கலில்லாதவர்கள் மூன்று, நான்கு நாளில் வீடு போய்விடுகிறார்கள். இது நன்மையே. ஆயினும் ஏழு வாரத்தில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதை மூன்று நாளில் கற்பிக்கத் தனியே ஏற்பாடு வேண்டாமா?

வெய்ஸ் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை, வீடு திரும்ப ஒருவர் தயாரா என்பதை நான்கு வகையில் அளக்கிறார்: உடல்நிலை, செய்ய வேண்டியதைப் பற்றிய அறிவு, சமாளிக்கும் திறன், வீட்டில் கிடைக்கவிருக்கும் உதவி. நோயாளியே மதிப்பெண் இடுவார், செவிலியரும் இடுவார். பின்னால் மருத்துவமனைக்குத் திரும்ப நேர்ந்தவர்களை, நோயாளியின் மதிப்பெண்ணைவிடச் செவிலியரின் மதிப்பெண்ணே சரியாகச் சுட்டியது என்று 2010-ல் வெளியான அவருடைய ஆய்வு காட்டிற்று. இதில் நமக்கு வியப்பில்லை. வீட்டுக்குப் போகும் ஆவலில் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டாதவர் யார்?

ஆகையால் தலையாட்டலை நம்பாமல், அவர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். எந்த மாத்திரை எதற்கு? தீர்ந்தால் எங்கே வாங்குவது? மீண்டும் நெஞ்சு வலித்தால் என்ன செய்வீர்? உட்கார்ந்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழைப்பேன் என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். வீட்டாரும் உடனிருந்து கேட்க வேண்டும். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை நோயாளியைவிட அவர் மனைவிக்கே முதலில் சொல்ல வேண்டும் என்பது நம் அனுபவம்.

அச்சத்தையும் கேட்டறிய வேண்டும். இரவில் உறக்கம் வராமல், இருதயத் துடிப்பையே எண்ணிக்கொண்டு கிடப்பவர் பலர். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் கூறுவது அவசியம். அதற்கும் சிகிச்சை உண்டு. நெசவாளருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: குழித்தறியில் மிதி மிதிப்பதும், பாவு உருளையைத் தூக்குவதும் எப்போது? "லேசான வேலை செய்யலாம்" என்று சீட்டில் எழுதும் மருத்துவர் தறியைப் பார்த்திராமல் இருக்கலாம். அந்த வேலையை நாமே விளக்கிச் சொல்லிக் கேட்பது நல்லது.

நாம் கண்ட அங்கத்தினர் மருத்துவரின் அனுமதி பெற்றே மீண்டும் தறியில் அமர்ந்தார். சேலை முடிக்கும் கெடுவைக் காரியதரிசி நீட்டிக் கொடுத்திருக்கிறார். உருளையைத் தூக்க மட்டும் மகனை அழைத்துக்கொள்கிறார்.