கல்லாப் பணம் யாருடையது?

தந்தையார் கடையில் உட்காரும் இளைஞர்களும், புதிதாகக் கடை திறக்கும் தம்பிமார்களும் முதலில் பழக வேண்டியது எது? விளம்பரமல்ல, அலங்காரமல்ல, கல்லாவில் கை வைக்காதிருப்பதே என்போம்.

மாலையில் கல்லாவில் 10,000 ரூபாய் கிடந்தால் மனம் துள்ளும். மளிகையில் நூற்றுக்கு 8 ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பங்கு 800தான். அதிலும் வாடகை, மின்கட்டணம், கூலி போக வேண்டும். மீதி 9,200 ரூபாய் சரக்குக்கு உரிய பணம். அதில் 2,000 ரூபாயைச் சொந்தச் செலவுக்கு எடுத்தால் அடுத்த முறை பருப்பும் எண்ணெயும் குறைவாகவே வாங்க முடியும். அலமாரி காலியானால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார்.

2016இல் யுபிஐ வந்தபின் இந்த ஆபத்து கூடிவிட்டது. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலக்கின்றன. கைபேசி வழியே போவது கண்ணுக்கே தெரிவதில்லை. கடைக்கென்று நடப்புக் கணக்கு தொடங்குங்கள். மாதம் ஒரு தேதியில் உங்களுக்குச் சம்பளம் எழுதி எடுங்கள். முதலாளிக்குச் சம்பளமா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்!

இரவு ஷட்டரை இறக்குமுன் ரொக்கம், யுபிஐ, கடன் மூன்றையும் சிட்டையில் எழுதுங்கள். மொத்த வியாபாரிக்குச் சொன்ன கெடுவுக்கு முன்நாளே பணத்தை ஒதுக்குங்கள். தட்டுப்பாட்டு நாளில் யார் கடையில் முதலில் மூட்டை இறக்குவது என்பதை அவர் அந்தத் தேதிகளைப் பார்த்தே முடிவு செய்கிறார்.