பழைய கணினிகளும் அழிந்துவரும் பதிவுகளும்

அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் 1985 ஆம் ஆண்டில் கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணினியில் வரைந்த சித்திரங்கள் பல வருடங்களாகப் பிளொப்பி தட்டுகளில் முடங்கிக் கிடந்தன. பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அவற்றை மீட்டெடுத்த செய்தி 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியானது. உலகப் புகழ்பெற்ற ஒருவரின் ஆக்கங்களுக்கே இக்கதி என்றால், சாதாரண மக்கள் அக்காலத்தில் எழுதி வைத்தவற்றின் நிலைமையைக் கூறத் தேவையில்லை.

கொமடோர் நிறுவனம் 1994 ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்ட போதிலும், அதன் கணினிகள் பல இன்றும் இயங்கக்கூடிய நிலையில் உள்ளன. பெரும்பாலும் முதலில் பழுதடைவது சுழலும் பாகங்களைக் கொண்ட வன்தட்டேயாகும். அதற்கு மாற்றீடாகப் புதிய தட்டு ஒன்றை வாங்குவதும் எளிதல்ல. அவ்வகைத் தட்டுகளின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. இந்த இடைவெளியை நிரப்பவே வன்தட்டைப் போன்று நடிக்கும் சிறு மின்னணுப் பலகைகள் தற்போது பயன்படுத்தப்படுகின்றன.

இதன் தத்துவம் எளிமையானது. தனது மறுமுனையில் இருப்பது சுழலும் தட்டா, வேறொன்றா என்பது கணினிக்குத் தெரியாது. குறித்த இலக்கமுடைய பகுதியைத் தருமாறு அது கேட்கிறது. வழமையாக 512 பைற் அளவுள்ள தரவு பதிலாகக் கிடைக்கிறது. 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த அமிகா 3000 போன்ற ஸ்கசி இணைப்புடைய கணினிகளில், மேற்படி பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தி அக்கேள்வியைப் பெற்று, எஸ்.டி. அட்டையிலிருந்து உரிய பகுதியை எடுத்துக் கொடுக்கிறது. 1992 ஆம் ஆண்டின் அமிகா 1200 இலோ இத்தகைய மொழிபெயர்ப்பும் அவசியமில்லை. அதிலுள்ள ஐ.டி.ஈ. இணைப்பின் மொழியைக் கொம்பக்ட் பிளாஷ் அட்டை நேரடியாகவே விளங்கிக்கொள்ளும்.

ஆயினும், அட்டையைச் செருகியவுடன் கணினி தொடங்கிவிடும் என்று எண்ணலாகாது. மின் கொடுத்ததும், நிரந்தர நினைவகத்திலுள்ள கிக்ஸ்டார்ட் என்னும் மென்பொருள் விழித்தெழுகிறது. தட்டின் முதல் 16 பகுதிகளுக்குள் ஒரு விபரக் குறிப்பு அதற்குக் கிடைக்க வேண்டும். தட்டு எத்தனை பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது, அவற்றுள் எதிலிருந்து தொடங்குவது, எதற்கு முன்னுரிமை என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்பு இல்லையேல், அட்டையில் எல்லாம் இருந்தும் பயனில்லை. வன்தட்டிலிருந்து தானாகத் தொடங்கும் வசதி 1988 ஆம் ஆண்டில் வந்த கிக்ஸ்டார்ட் 1.3 பதிப்பிலேயே கிடைத்தது. அதற்கு முந்திய 1.2 பதிப்பை வைத்திருப்போர் முதலில் பிளொப்பியிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அக்காலத்து மென்பொருள் தட்டிலுள்ள இடத்தை 32 பிற் எண்ணால் கணக்கிட்டது. அதனால் எட்டக்கூடிய எல்லை 4 கிகாபைற் மாத்திரமே. பெரிய அட்டையொன்றைப் பொருத்தி, திருத்தப்பட்ட மென்பொருள் இன்றி அந்த எல்லைக்கு அப்பால் எழுதினால், கணக்கு மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பி, தட்டின் ஆரம்பத்திலுள்ள பதிவுகளின் மேலேயே எழுதிவிடும். பாதுகாக்க முனைந்தவரே அழித்தவராகும் விபரீதம் இவ்வாறுதான் நேர்கிறது.

ஆகவே, வரிசைமுறை முக்கியமானது. பழைய தட்டு இன்னும் சுழலுமாயின், வேறெந்தச் சோதனைக்கும் முன்னர் அதனை முழுமையாகப் பிரதி எடுத்தல் வேண்டும். அந்தப் பிரதியின் பிரதியையே புதிய அட்டையில் இட்டுப் பரீட்சிக்க வேண்டும். கார்னகி மெலன் கழகத்தினரும் முதலில் தட்டுகளின் காந்தப் பதிவைப் பிரதி செய்துவிட்டே, அறிமுகமற்ற கோப்பு வடிவத்தை ஆராய முற்பட்டனர் என்பது கவனத்திற்குரியது.

இது பொழுதுபோக்காளர்களின் விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுப்பிரதிகளையும் நூல்களையும் இழந்த சமூகம் நாம். நெருப்பினால் நேர்ந்த இழப்பை உலகம் கண்டது. அலுமாரிக்குள் இருக்கும் பிளொப்பி தட்டில் காந்தப் பதிவு மங்கிப்போவதை எவரும் காண்பதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட கட்டுரைகள், பள்ளிவாசல் மற்றும் ஆலய மலர்கள், சங்கங்களின் அறிக்கைகள் என எத்தனையோ இவ்வாறு நம் வீடுகளிலும் அச்சகங்களிலும் கிடக்கக்கூடும். கணினிக்குப் புதிய தட்டைப் பொருத்த எப்போதும் வழியுண்டு; அழிந்த பதிவை மீண்டும் எழுத எவராலும் இயலாது. அலுமாரியைத் திறந்து பார்க்கும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உரியதாகும்.