சாந்தில்லாச் சுவரும் கடலோர மலைப்பாதையும்

இத்தாலியின் வடமேற்கில், லிகூரியக் கடற்கரையில், மலைச்சரிவு நடுவே சமவெளி என்று எதையும் விடாமல் நேரே கடலில் போய் இறங்கும் ஓரிடத்தில் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. மொந்தெரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே. ஐந்துக்கும் சேர்த்துச் சிங்க்வே தெர்ரே என்று பெயர். இவற்றைத் தொட்டுச் செல்லும் கடலோர நடைபாதை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். ஆனால் ஐரோப்பாவில் மலையேறும் ஆர்வம் உள்ளவர்கள் ஒருமுறையாவது நடந்துவிட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் பாதைகளில் இதுவும் ஒன்று. ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் திராட்சைக் கொடி, நடுவே ஓர் ஆள் அகலத்துக்குக் கல் பாவிய வழி. வருகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். காலடியில் இருப்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த வழி பல இடங்களில் சாந்தோ சிமெண்டோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி எழுப்பிய சுவரின் தலையில்தான் போகிறது. இயற்கை அழகு என்று நாம் கொண்டாடும் இந்தப் பாதை உண்மையில் ஓர் உழவுக் கட்டுமானத்தின் உபரி. அந்தச் சுவர் நிற்கும் வரையில்தான் பாதையும் நிற்கும். 1997இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இயற்கைப் பிரிவில் சேர்க்கவில்லை, பண்பாட்டுப் பிரிவில் சேர்த்தது. விஷயம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

சுவர் ஏன் வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடல்மட்டத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் மலை 800 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட சரிவில் மண் தங்காது. மண் தங்காத இடத்தில் கொடி வேர்விடாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இங்குள்ள உழவர்கள் செய்தது ஒன்றுதான்: சரிவை வெட்டினார்கள், வெட்டும்போது கிடைத்த மணற்பாறைத் துண்டுகளால் கீழே சுவர் எழுப்பினார்கள், பின்னால் மண்ணை நிரப்பினார்கள், கிடைத்த ஒல்லியான பட்டையில் திராட்சை நட்டார்கள். பிறகு அதற்கு மேலே அடுத்த சுவர். ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு ஏறச் சுவரிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள், கூடையோடு நடக்கச் சுவரின் தலையை ஒட்டி ஒற்றையடி வழி. 1870களில் ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையே ரயில் வரும்வரை ஊருக்கு ஊர் போகக் கடலை விட்டால் இந்த வழிதான். யாரும் காட்சி பார்க்க வேண்டும் என்று போட்டதில்லை.

இந்தச் சுவரைக் கட்டும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சரிந்த சுவரைத் திரும்பக் கட்ட வரும் மேஸ்திரி முதலில் எதையும் கட்டுவதில்லை, பிரிக்கிறார். விழுந்த கல்லையெல்லாம் தரம் பார்த்துக் குவிக்கிறார்: அடிக்குப் பெரிய கல், முகப்புக்கு ஒரு பக்கமாவது தட்டையான கல், உள்ளே திணிக்கச் சில்லு, தலைக்குக் கனத்த பலகைக் கல். பிறகு இளகிய மண்ணைத் தோண்டி, பாறையோ இறுகிய தரையோ தட்டும் வரை போய், அங்கே முதல் வரியை வைக்கிறார். அந்த வரி மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே வரும் ஒவ்வொரு வரியும் அப்படியே. மூட்டுக்கு மேல் மூட்டு வரக் கூடாது. ஒரு கல் கீழே இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும். முக்கியமான விதி, கல்லின் நீளம் சுவருக்குள்ளே போக வேண்டும் என்பது. நீளப் பக்கத்தை வெளியே காட்டி வைத்தால் சீக்கிரம் வேலை முடியும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் அது வெறும் தோல். நல்ல மேஸ்திரி கட்டிய சுவரில் வெளியே தெரிவது கல்லின் குறுகிய முகம் மட்டுமே. முகப்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கை அகலத்துக்காவது சில்லுகள் நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கும். வழிப்போக்கர் கண்ணில் படாத அந்தச் சில்லு அடுக்கில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது.

காரணம், இத்தகைய சுவரின் முதல் எதிரி மண் அல்ல, தண்ணீர். கணக்கு எளிது. 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் உலர்ந்த மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது தோராயமாக 1.2 டன் எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். அதே மண்ணில் மழைநீர் தலைமட்டம் வரை தேங்கினால், தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 2 டன் தள்ளும். ஊறிய மண்ணின் பங்கையும் சேர்த்தால் மொத்தம் பழையதைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டும். உயரம் இரட்டித்தால் இந்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆகவே தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் சுவர் தன் தலையில் தானே சுமையை ஏற்றிக்கொள்கிறது. சாந்தில்லாத சுவர் இந்தச் சண்டைக்கே போவதில்லை. பின்னால் வந்த நீர் சில்லு அடுக்கில் இறங்கி, ஆயிரம் இடுக்குகள் வழியே முகப்பில் கசிந்து வெளியேறிவிடுகிறது. நம் ஏரிக்கரைகளின் உட்சரிவில் அலைகல் பதித்தவர்களும் இதை அறிந்தவர்களே. அலை ஏறி இறங்கும்போது கரைக்குள் புகுந்த நீர் திரும்பி வர வழி விட்டுத்தான் அந்தக் கல்லைப் பாவினார்கள்.

இதெல்லாம் நாட்டுப்புறக் கைப்பழக்கம், பொறியியல் ஆகுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 1834இல் ஜான் பர்கோய்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் அயர்லாந்தின் கிங்ஸ்டவுனில் செய்த சோதனை இதற்கு இன்றைக்கும் நல்ல பதில். அவர் சாந்தில்லாமல் நான்கு கல்சுவர்களைக் கட்டினார். ஒவ்வொன்றும் 20 அடி உயரம். ஒவ்வொன்றுக்கும் செலவான கல்லின் அளவும் ஒன்றே. வடிவம் மட்டும் வேறு. ஒன்று முழுக்கப் பின்னால் சாய்ந்தது. இன்னொன்றின் முகப்பு சாய்ந்து அடி அகன்றது. மூன்றாவது முகப்பில் செங்குத்தாக நின்று முதுகுப்பக்கம் அகன்றது. நான்காவது நேர்ப்பெட்டி போல நின்றது. பின்னால் மண்ணை நிரப்பிக்கொண்டே வந்தபோது, முகப்பு சாய்ந்த முதல் இரண்டும் முழு உயரத்துக்கும் தாங்கின. முகப்பு நட்டுக்குத்தாக நின்ற மற்ற இரண்டும் 17 அடி நிரம்பும்போதே சரிந்தன. கல்லின் அளவு ஒன்றாக இருக்கும்போது தீர்மானிப்பது சாய்வு. லிகூரிய உழவர் முதல் வரியையே மலைப்பக்கம் சாய்த்து வைக்கும் வழக்கம், பர்கோய்னுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதைக் கண்டுகொண்டதன் அடையாளம். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலை, எட்டு ஐரோப்பிய நாடுகளின் சார்பில் 2018இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. அந்த எட்டில் இத்தாலியும் ஒன்று.

அப்படியானாலும் இத்தனை கைவேலை எதற்கு, நாலு லாரி சிமெண்ட் கொட்டினால் பிரச்சினை தீராதா என்ற கேள்வி நியாயமானது. முதலில், லாரி அங்கே போகாது. திராட்சைக் கூடையையே ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் குட்டி இயந்திர வண்டியில்தான் இறக்குகிறார்கள். இரண்டாவது, காங்கிரீட் சுவருக்கும் நீர் வெளியேறத் துளை வேண்டும். துளை மண் அடைத்துக்கொண்டால் சுவர் அணையாகிவிடும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாந்தில்லாத சுவர் விழுவதற்கு முன் சொல்லிவிட்டு விழுகிறது. நடுவில் வயிறு தள்ளும், தலைக்கல் நகரும், ஒரு பாகம் மட்டும் உதிரும். கண்ணில் பட்டவுடன் அந்தப் பாகத்தைப் பிரித்து, அதே கல்லை வைத்தே திரும்பக் கட்டிவிடலாம். புதுச் சரக்கு ஒன்றும் வேண்டாம். காங்கிரீட் சுவர் பெரும்பாலும் கடைசி வரை நிமிர்ந்து நின்று, பிறகு மொத்தமாகச் சாய்கிறது. இடிபாட்டில் மிஞ்சுவது குப்பை. ஆனாலும் சாந்தில்லாச் சுவர் எல்லா இடத்துக்கும் ஆகும் என்று வாதிட மாட்டேன். வாகனச் சாலையைத் தாங்கவோ, வீட்டு உயரத்துக்கு மண்ணைப் பிடிக்கவோ கம்பி கட்டிய காங்கிரீட்டே சரி. ஆள் உயரச் சுவர்கள் நூறு நூறாக அடுக்கப்பட்ட மலைக்குத்தான் இந்தக் கைவேலை பொருந்தும்.

இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது: கண்ணில் பட ஆள் வேண்டும். ரயில் வந்தபிறகு ஆண்கள் லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குப் போனார்கள். பின்னர் கொடிகளைப் பூச்சி அழித்தது. இளைஞர்கள் நகரம் போனார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சை, சுமார் நூறு ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. ஆள் போன நிலத்தில் காட்டுப்பன்றி கிழங்கு தேடிச் சுவரைக் குடைகிறது. உதிர்ந்த பாகத்தை எடுத்துக் கட்ட ஆளில்லை. அந்த ஓட்டை வழியே அடுத்த மழை மொத்தமாக இறங்கிக் கீழ்ச்சுவரைச் சாய்க்கிறது. 2011 அக்டோபர் 25 அன்று என்ன நடந்தது என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரே நாளில் 350 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதிலும் பெரும்பகுதி சில மணி நேரத்தில். மொந்தெரோசோவிலும் வெர்னாட்சாவிலும் தெருக்கள் சேறும் கல்லுமாக நிறைந்தன, உயிர்கள் போயின. அத்தனை மழை எந்த மலையையும் அசைக்கும் என்பது உண்மை. சுவரின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் பின்னர் வெர்னாட்சா ஓடைப் படுகையில் மண்சரிவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து ஆராய்ந்த நிலவியலாளர்கள், அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட வரப்புப் பட்டைகளே அதிகம் சரியக்கூடியவையாக இருந்தன என்று கண்டார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பை வைத்தே எதிர்த்தரப்பு வலுவான ஒரு வாதம் வைக்க முடியும். அண்மையில் கைவிட்டதுதானே ஆபத்து? நீண்ட காலம் விட்டுவிட்டால் காடு மூடிவிடும், வேர் மண்ணைப் பிடித்துவிடும். மனிதன் வெட்டிய மலையை இயற்கையிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன? பாதி உண்மை இதில் இருக்கிறது. நெடுநாள் முன்பு கைவிடப்பட்டு ஓக் மரமும் புதரும் அடர்ந்த சரிவுகள் ஓரளவு உறுதியாகவே இருக்கின்றன. பிரச்சினை இடைப்பட்ட சில பத்தாண்டுகள்தான். சுவருக்குப் பின்னால் இருப்பது மலை தானாகச் சேர்த்த மண் அல்ல. ஆயிரம் ஆண்டுகளாகக் கையால் கொட்டிய தளர்ந்த நிரப்பு. முட்டுக்கொடுக்கும் சுவர் போய், வேர் இன்னும் வராத காலத்தில் அது மழைக்கு வெறும் கூழ். அந்தக் காலத்துக்குள் கீழே இருக்கும் ஊரைக் காலி செய்யவா முடியும்? இன்னொன்று, இயற்கைக்கு எதிரானது சுவர் என்ற எண்ணமே சரியில்லை. பகலில் சூடேறி இரவில் மெல்ல ஆறும் கல்லிடுக்குகளில் பல்லிகள் குடியிருக்கின்றன. ஈரக்கசிவுள்ள நிழல்பக்கத்தில் பெரணிகள், வெயில்பக்கத்தில் சதைப்பற்றுள்ள சிறு செடிகள், கேப்பர் புதர்கள். சாந்து பூசியிருந்தால் இவை எதற்கும் இடமில்லை.

சுற்றுலாப் பணம் இத்தனை கொட்டுகிறதே, அது சுவரைக் காப்பாற்றாதா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. காப்பாற்றும், போக வேண்டிய இடத்துக்குப் போனால். ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் இடையே கடற்பாறையைக் குடைந்து போட்ட ‘காதல் பாதை’ ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2012 செப்டம்பரில் பாறை விழுந்து நான்கு பயணிகள் காயமடைந்தபிறகு மூடப்பட்டு, பாறைக்கு வலையும் நங்கூரக் கம்பிகளும் அடித்து, 2 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு, 2024இல்தான் முழுமையாகத் திறந்தது. பெயர் பெற்ற பாதைக்கு அந்தப் பணம் கிடைத்தது. அதற்கு நூறு மீட்டர் மேலே, முதியவர் ஒருவர் தனக்குச் சொந்தமான சுவரைத் தானே கட்டிக்கொண்டிருக்கும் பட்டைக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பயணிகள் தங்கும் அறைக்கும் உணவுக்கும் தருவது ஊருக்கு வருகிறது, சரிவுக்கு ஏறுவதில்லை. இந்த நிலப்பரப்பைப் பார்த்துக்கொள்ளும் பூங்கா நிர்வாகம் முக்கியப் பாதைகளில் நடக்கக் கட்டண அட்டை வைத்திருக்கிறது. ரப்பர் செருப்போடு வருகிறவர்களுக்கு அபராதம் என்று 2019இல் அறிவித்தது உலகச் செய்தியானது. அதே ஆண்டில், செய்தியில் அவ்வளவாக வராமல், மனரோலாவுக்கு மேலே ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ஒரு திட்டம் தொடங்கியது: சிதைந்த சுவர்களைப் பழைய முறையிலேயே எழுப்புவது, நீர் வடிகால்களைத் திரும்ப வெட்டுவது, கைவேலையைப் புதியவர்களுக்குப் பழக்குவது. பருவநிலை மாறிக் கனமழை கூடும் காலத்துக்கு இந்தச் சுவரை ஒரு தற்காப்பாகவே அந்தத் திட்டம் கருதியது.

எல்லாச் சுவரையும் திரும்பக் கட்ட ஆள்பலமும் இல்லை, தேவையும் இல்லை. காடு ஏற்கெனவே பிடித்துக்கொண்ட சரிவுகளை விட்டுவிடலாம். ஊருக்கு நேர் மேலே இருப்பவை, ஓடையின் இரு கரையிலும் இருப்பவை, பாதையைத் தாங்குபவை ஆகிய மூன்றையும் முதலில் எடுப்பதுதான் விவேகம். நடப்பவர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உண்மையானது: வளைவை வெட்டிக் குறுக்கே இறங்காமல் இருப்பது. குறுக்கு வழி ஒன்று விழுந்தால் அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். தலைக்கல் ஒன்று மிதிபட்டு நகர்ந்தால் அதன் கீழுள்ள சில்லு அடுக்கு திறந்துகொள்ளும், மண் இறங்கி இடுக்குகளை அடைக்கும், அங்கிருந்துதான் சுவர் வயிறு தள்ளத் தொடங்கும்.