108 ஊர்தியின் செலவை ஏற்பது யார்?

பக்கவாதம் ஏற்பட்டவரை ஆட்டோவில் அழைத்து வரும் உறவினர்களிடம், 108-ஐ ஏன் அழைக்கவில்லை என்று கேட்டால், "எவ்வளவு கேட்பார்களோ என்று தயங்கினோம்" என்று சிலர் கூறுவதுண்டு. இந்த அச்சம் தேவையற்றது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை முற்றிலும் இலவசமானது. ஊர்தி, எரிபொருள், பணியாளர் ஊதியம், சென்னைக் கட்டுப்பாட்டு அறை ஆகிய அனைத்திற்கும் அரசே நிதி வழங்குகிறது. மத்திய, மாநில அரசுகள் 60:40 விகிதத்தில் பங்களிக்கும் தேசிய நலவாழ்வுக் குழும நிதியும் இதற்குத் துணைபுரிகிறது.

அமெரிக்காவில் அண்டை நகரங்கள் சேர்ந்து பொது அழைப்பு மையம் அமைத்து, மக்கள்தொகை அல்லது அழைப்புகளின் எண்ணிக்கைப்படி செலவைப் பகிர்ந்துகொள்வதுண்டு. ஆயினும் அங்கு ஊர்திக் கட்டணம் பெரும்பாலும் நோயாளியின் பெயரிலேயே வருகிறது. இங்கு சிற்றூரிலிருந்து அழைப்பவரும் மாநகரிலிருந்து அழைப்பவரும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கான செலவு மட்டும் தனியானது.

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். 108 ஊர்தியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் ஆக்சிஜனும் இருப்பதால், சிகிச்சை வழியிலேயே தொடங்கிவிடுகிறது.

அழைக்கும்போது இடம், அருகிலுள்ள அடையாளம், நோயாளியின் நிலை, அறிகுறி தொடங்கிய நேரம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். ஊர்தி வந்து சேரும்வரை கைப்பேசியை அணைக்காதீர்கள்.