மோட்டோகிராஸ் பாதுகாப்பு உடைகளும் கவசங்களும்

மோட்டோகிராஸ், எண்டியூரோ முதலிய விளையாட்டுகளில் செப்பனிடப்படாத நிலத்தில் விசையுந்து (மோட்டார் சைக்கிள்) ஓட்டுவோர் தம் உடலைக் காத்துக்கொள்ள அணிபவை மோட்டோகிராஸ் பாதுகாப்பு உடைகளும் கவசங்களும் ஆகும். சாலையில் விழுபவர் தார்ப்பரப்பில் உராய்ந்து நெடுந்தூரம் செல்லக்கூடும் என்பதால் சாலை ஓட்டத்திற்குத் தடித்த தோலாடை ஏற்றது. மண்தடத்தில் பாறையிலும் மரத்திலும் மோதுதல், மூட்டு முறுக்கிக்கொள்ளுதல், உடல் வெப்பம் மிகுதல் ஆகியவையே முதன்மையான இடர்கள். எனவே காற்றோட்டமுள்ள மெல்லிய ஆடையுடன் தனித்தனிக் கவசங்களை அணிவது வழக்கம்.

தலைக்கவசம்

மோட்டோகிராஸ் தலைக்கவசத்தின் தாடைப்பகுதி முன்னோக்கி நீண்டிருக்கும். மேலே வெயிலையும் சேற்றையும் தடுக்கும் மறைப்பு உண்டு. கண்களுக்குத் தனியே காப்புக்கண்ணாடி அணியப்படுகிறது. உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை நசுங்குவதன் மூலம் மோதலின் ஆற்றலை உள்வாங்குகிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே பலத்த அடிபட்ட தலைக்கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினாலும் அதை மாற்றவேண்டும். இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு ஐ.எஸ். 4151 தரமுத்திரை 2021 சூன் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஈ.சி.ஈ. 22.06 விதி, தலையைச் சுழற்றும் சாய்வான மோதலையும் சோதிக்கிறது.

மார்பு, முதுகுக் கவசங்கள்

தோற்றத்தில் ஒத்த இருவகைக் கவசங்கள் விற்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரம் ஈ.என். 14021 பெற்றவை, முன்செல்லும் வண்டியின் சக்கரம் வாரியிறைக்கும் கற்களைத் தடுப்பதற்கானவை. விழும்போது ஏற்படும் மோதலைத் தாங்குவதற்கான தரம் ஈ.என். 1621 ஆகும். முதுகுக் கவசத்தின்மீது 50 ஜூல் ஆற்றலுடன் எடையொன்றை விழச்செய்து, மறுபுறம் கடத்தப்படும் விசை அளக்கப்படுகிறது. அதன் சராசரி முதல் நிலையில் 18 கிலோநியூட்டனுக்கும், இரண்டாம் நிலையில் 9 கிலோநியூட்டனுக்கும் மிகாதிருக்கவேண்டும். கல்தடுப்பை மட்டும் அணிந்து, முதுகெலும்பு காக்கப்படுவதாக எண்ணுவது ஆபத்தானது. எனவே வாங்குமுன் உட்புறச் சிட்டையில் உள்ள தர எண்ணைப் பார்த்தல் இன்றியமையாதது.

காற்றுப்பை உள்ளங்கி, ஓட்டுநர் விழுவதை உணரிகளால் அறிந்து உடனே விரிகிறது. டக்கார் பேரணியில் விசையுந்து ஓட்டுவோருக்கு இது 2021 முதல் கட்டாயமாகும்.

கால், கை

காலணி முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை உயர்ந்து, விறைப்பாக இருக்கும். கணுக்கால் முறுக்கிக்கொள்வதையும், வண்டிக்கும் தரைக்கும் இடையே கால் நசுங்குவதையும் இது குறைக்கிறது. மலையேறும் காலணி இதற்கு ஈடாகாது. முழங்கால் காப்பு அடியைத் தாங்கும். கீல் பொருத்திய முழங்கால் தாங்கி, மூட்டு அளவுக்கு மீறி வளைவதையும் கட்டுப்படுத்தும். கையுறை, கிளட்ச், பிரேக் பிடிகளை விரல்கள் உணருமளவு மெல்லியதாக இருக்கும்.

தேர்ந்தெடுத்தல்

எத்தரம் பெற்ற கவசமாயினும் உடலோடு பொருந்தாவிடில் விழும் கணத்தில் இடம்பெயர்ந்துவிடும். வாரைப் பூட்டியபின் பின்புறத்திலிருந்து முன்னோக்கித் தள்ளினால் தலைக்கவசம் கழன்று வரக்கூடாது. முழங்கால் காப்பை நின்று மட்டுமன்றி, வண்டியில் அமர்ந்தும் சோதிக்கவேண்டும். வளர்ந்தபின் பயன்படும் என்று சிறுவர்களுக்குப் பெரிய அளவில் வாங்குவது அவர்களைக் காப்பதாகாது.