பார்மட் போடுவதற்கு முன்

கணினியை இயக்கியும் விண்டோஸ் திறக்கவில்லை என்று பழுதுபார்க்கும் கடைக்குச் செல்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, பார்மட் போட்டுப் புதிதாக ஓ.எஸ். ஏற்றிவிடலாம் என்பதே. ஓ.எஸ். என்று பேச்சில் சுருங்கிவிட்ட இயங்குதளம், கணினியின் உறுப்புகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை மென்பொருள். விண்டோஸும் லினக்ஸும் அவ்வகையைச் சேர்ந்தவை. அது எழாமற்போவதற்கும், வன்தட்டில் உள்ள குடும்பப் படங்களும் வரவுசெலவுக் கணக்குகளும் அழிவதற்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அந்தத் தொடர்பை உண்டாக்குவது அவசரமாகப் போடப்படும் பார்மட்தான்.

மின்சாரம் பாய்ந்த கணத்தில், வன்தட்டில் என்ன இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சில்லில் பதிந்துள்ள பயாஸ் என்ற நிரலே முதலில் ஓடத் தொடங்கி, நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று சோதித்த பின், வன்தட்டின் முதல் துண்டை மட்டும் படித்து, அதில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அக்கட்டளைகள் பூட் லோடர் எனப்படும் ஏற்றுநிரலைத் தேடி எடுக்க, ஏற்றுநிரல் இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்ற, கெர்னல் மற்றவற்றை எழுப்புகிறது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கை மாற்றுவதைப் போன்ற இந்த ஏற்பாட்டையே பூட் ஆவது என்கிறார்கள். இடையில் ஒருவர் கை நீட்டாவிட்டாலும் செங்கல் மேலே போய்ச் சேராது. ஆனால் கீழே அடுக்கி வைத்திருக்கும் செங்கற்களுக்கு அதனால் சேதம் எதுவும் இல்லை.

முதல் துண்டு என்று மேலே குறிப்பிட்டதன் அளவு 512 பைட்டுகள் மட்டுமே. இணையத்தில் வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், இக்கட்டுரையின் நீண்ட வாக்கியம் ஒன்றுகூட அதில் அடங்காது. 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த எம்.பி.ஆர். என்ற இந்த அமைப்பில் 446 பைட்டுகள் கட்டளைகளுக்கும், 64 பைட்டுகள் தட்டின் நான்கு பிரிவுகள் எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கின்றன என்ற அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. இத்துண்டு கெட்டால் முழுத் தட்டும் வெறுமையாகத் தோன்றும். ஆனால் படங்களும் ஆவணங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளை முழுமையாக ஆளும் ஆற்றல் இந்த அட்டவணைக்கு இல்லாததாலும், ஒரே துண்டை நம்பியிருப்பது ஆபத்து என்பதாலும், இன்றைய கணினிகளில் பயாஸின் இடத்தை யூ.இ.எஃப்.ஐ. என்ற விரிவான நிரலும், எம்.பி.ஆர். அட்டவணையின் இடத்தை, தன் நகல் ஒன்றைத் தட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்ளும் ஜி.பி.டி. அட்டவணையும் பிடித்துள்ளன.

கோளாறின் காரணம் சில வேளைகளில் வன்தட்டுக்கு வெளியிலேயே இருக்கும். மேசைக் கணினியின் பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் நாணயத்தைப் போன்ற வெள்ளி நிற மின்கலம் ஒன்று தெரியும். அதன் மேல் சி.ஆர். 2032 என்று பொறித்திருக்கும், அந்த எண்ணே அதன் அளவைச் சொல்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மின் இணைப்பு இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடவைக்கும் இந்த 3 வோல்ட் மின்கலமே பல மதர்போர்டுகளில் பயாஸின் அமைப்புகளையும் காத்து நிற்கிறது. சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும் தேதி பழைய ஆண்டுக்குப் பின்வாங்குவதோடு, எந்த முறையில் பூட் ஆக வேண்டும், வன்தட்டோடு எந்த வகையில் பேச வேண்டும் என்ற அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுவதால், நேற்று வரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத்திரையில் நிற்கிறது, அல்லது பூட் செய்ய எதுவுமில்லை என்ற செய்தி வருகிறது. மின்கலத்தை மாற்றிப் பழைய அமைப்புகளைத் திரும்ப வைத்தாலே போதும் என்ற இடத்தில் முழுத் தட்டையும் அழித்து எழுதுவது வருந்தத்தக்கது.

எனவே கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால் இயங்குதளத்தின் முறை இன்னும் வரவில்லை என்று பொருள். நினைவகமான ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிப்பானால் மெல்லத் துடைத்துத் திரும்பச் செருகுவதே பல வேளைகளில் தீர்வாகிறது. நிறுவனச் சின்னம் தோன்றிய பின் தட்டைக் காணவில்லை என்ற செய்தி வந்தால் கேபிளையும் பயாஸ் அமைப்புகளையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வரை வந்து நின்றால்தான் இயங்குதளத்தின் மீது ஐயம் கொள்ள இடமுண்டு. தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டாலோ கணினியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கக் கூடாது.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வதும் வழக்கத்தில் உண்டு. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. இத்தகைய கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்றும்போது, பழைய முறையில் அது எம்.பி.ஆரின் கட்டளைகளைத் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடுவதால், லினக்ஸைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியல் மறைந்துவிடும். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பலர் எண்ணினாலும், அழிந்தது அதற்குச் செல்லும் வழிகாட்டி மட்டுமே. நேரம் மாறித் தெரிவதும் இவ்வகையில் வரும் குழப்பம்தான்: மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால், இந்தியாவில் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும்.

தட்டு நலமாக இருந்து இயங்குதளம் மட்டும் கெட்டிருக்குமானால், உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கலாம். பிட்லாக்கர் என்ற பூட்டு முறையால் தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும்; பயாஸ் அமைப்பை மாற்றினாலும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும் என்பதால், அச்சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்திருப்பது அவசியம்.

நகலெடுத்த பிறகும் விண்டோஸை ஏற்றும்போது ஒரு திரையில் கை நிதானிக்க வேண்டும். தட்டின் பிரிவுகளைக் காட்டும் அந்தப் பட்டியலில் அன்றாடம் பழகிய சி, டி என்ற எழுத்துகள் இருப்பதில்லை. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3 என்பது போன்ற எண்களும், மொத்த அளவும், காலியிட அளவும் மட்டுமே பெரும்பாலும் தெரியும். படங்கள் உள்ள பிரிவு எத்தனை ஜி.பி. என்பதை முன்பே குறித்து வைத்திருப்பவரால்தான் டெலீட் என்ற சொல்லின் மேல் அழுத்துவதற்கு முன் அதை அடையாளம் காண முடியும்.