இன்ஷூரன்ஸுக்கு ஒரு எலெக்ஷன்!

பஞ்சாயத்து வார்டு மெம்பருக்கு ஓட்டுப் போடுகிறோம். எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிறோம். எம்.பி.க்குப் போடுகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற ஆசாமியாக இருந்தால் யூனியன் செயலாளருக்கும் போட்டிருப்பீர்கள். ஆனால், 'மாசா மாசம் கட்டுற பிரீமியத்துக்கு யாருப்பா காவல்?' என்று கேட்டு, அந்தக் காவல்காரருக்கு என்றைக்காவது ஓட்டுப் போட்டதுண்டா?

அமெரிக்காவில் போடுகிறார்கள்! அங்கே 11 மாநிலங்களில் இன்ஷூரன்ஸ் கமிஷனர் என்பவர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருகிறவர். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் கவர்னர் நியமிக்கிறார். ஓட்டுக்கு பிரியாணிப் பொட்டலம் உண்டா என்று கேட்காதீர்கள். விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

கம்பெனிக்கும் ஏஜெண்டுக்கும் லைசென்ஸ் கொடுப்பது, கிளெய்ம் வந்தால் கொடுக்கக் கம்பெனியிடம் பணம் இருக்கிறதா என்று கணக்கைக் குடைவது, பிரீமியம் அநியாயமாக ஏறாமல் பார்ப்பது, மக்கள் புகாரைக் கேட்பது. இதெல்லாம் கமிஷனரின் வேலை.

ஓட்டு கொண்டு வந்த காவல்

கலிஃபோர்னியாவில் முன்பு கமிஷனரைக் கவர்னர்தான் நியமித்துக் கொண்டிருந்தார். கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கன்னாபின்னாவென்று ஏறியது. ஜனங்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 1988 நவம்பரில் 'தீர்மானம் 103' என்ற ஒன்றை நேரடி ஓட்டெடுப்பிலேயே ஜெயிக்க வைத்தார்கள். பிரீமியத்தை 20 சதவீதம் குறை. இனிமேல் ஏற்றுவதானால் முன்கூட்டி அனுமதி வாங்கு. அனுமதி கொடுக்கிற கமிஷனரை நாங்களே தேர்ந்தெடுப்போம். இதுதான் தீர்மானத்தின் சாரம். அப்படி முதலில் ஜெயித்து 1991-ல் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜான் கேரமெண்டி.

'அட, இதை இங்கேயும் வைக்கலாமே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அதே நாற்காலிக்கு 1994-ல் ஜெயித்து வந்தவர் சக் குவாக்கன்புஷ். அந்த வருஷம் நார்த்ரிட்ஜ் பூகம்பம். வீடிழந்தவர்களின் கிளெய்மை இழுத்தடித்ததாகப் புகாருக்கு ஆளான கம்பெனிகளிடம் அபராதம் வாங்காமல், சில நிதிகளுக்கு நன்கொடை வாங்கிக் கொண்டு விட்டுவிட்டார். அந்தப் பணத்தில் எடுத்த டி.வி. விளம்பரங்களில் சிரித்த முகம் யாருடையது? அவருடையதேதான்! 2000-ல் ராஜினாமா.

ஜார்ஜியா மாநிலத்தில் 2018-ல் ஜெயித்தவர் ஜிம் பெக். 2019 ஜனவரியில் பதவியேற்றார். அதே மே மாதம் குற்றப்பத்திரிகை. பதவிக்கு வருமுன் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் அமைப்பில் 20 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாக வழக்கு. 2021-ல் குற்றம் நிரூபணமாகித் தண்டனை. வேலிக்கு ஓட்டுப் போட்டால் மட்டும் அது பயிரை மேயாமல் இருந்துவிடுமா என்ன!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டை நினைத்து பிரீமியத்தை ஒரேயடியாக அமுக்கினால் கம்பெனி கடையைக் கட்டிக் கொண்டு போய்விடும். காட்டுத் தீ அபாயமும் கட்டுமானச் செலவும் ஏறிப் போச்சு என்று சொல்லி, கலிஃபோர்னியாவில் புது வீட்டு பாலிசிகளே வேண்டாம் என்று 2023-ல் கதவைச் சாத்தியது ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய கம்பெனி. மலிவான பிரீமியம் நல்லதுதான். பாலிசி கொடுக்க ஆள் இருக்க வேண்டுமே!

நம்மூர் மந்திரி நாற்காலி

நம் நாட்டிலும் இன்ஷூரன்ஸ் பணம் ஒரு பெரிய நாற்காலியை ஆட்டியிருக்கிறது. 1956-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த வருஷமே, முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் எல்.ஐ.சி. பணம் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல் பங்குகளாகப் போய் முடங்கியது. அதை லோக்சபாவில் கிளப்பியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளும் கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மாப்பிள்ளை! நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதி மந்திரியாக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாலிசிதாரர் பணத்தைக் காப்பாற்றியது தேர்தல் மட்டுமல்ல; 'பணம் எங்கே போச்சு?' என்று எழுந்து நின்று கேட்ட ஒரு குரல்.

ஹைதராபாத்தும் தேனாம்பேட்டையும்

இன்றைக்கு நம்மிடம் அமெரிக்க கமிஷனரின் வேலை இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. லைசென்ஸ், சட்டதிட்டம், கம்பெனியின் கஜானா, இதெல்லாம் ஹைதராபாத்தில் இருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. 1999 சட்டப்படி வந்தது. அங்கே புகார் கொடுத்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் சொல்ல வைப்பார்கள். ஆனால், 'உனக்கு இவ்வளவு, கம்பெனிக்கு இவ்வளவு' என்று பஞ்சாயத்து பண்ணித் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கென்று இருக்கிறவர்தான் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், தமிழில் குறைதீர்ப்பாளர். 1998-ல் ஏற்பட்ட பதவி. நாடு முழுக்கப் பல ஊர்களில் ஆபீஸ். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சேர்த்துச் சென்னையில் ஒருவர். கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ ஏறினால், வழியில் 'எல்.ஐ.சி.' என்றே ஒரு ஸ்டேஷன் வரும். ஏமாந்து இறங்கிவிடாதீர்கள். அதற்கு மூன்றாவது ஸ்டேஷன், தேனாம்பேட்டை.

இவருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. தேர்வுக் குழு தேர்ந்தெடுக்கிறது. ஆபீஸ் செலவு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தலையில். 'கம்பெனி காசுல நடக்குற ஆபீஸ் நமக்கு நியாயம் சொல்லுமா சார்?' நல்ல கேள்வி. அதற்குத்தான் விதியில் ஒரு வளைவு வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லையா? நீங்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். பீஸ் கிடையாது. வக்கீல் கிடையாது. வைத்துக் கொள்ளவும் கூடாது! 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம். 2023-க்கு முன்பு இது 30 லட்சமாக இருந்தது.

'சும்மா ஒரு கையெழுத்து, அண்ணே!'

ஒரு ரோலிங் மில் ஃபோர்மேன் என்று வைத்துக் கொள்வோம். வயது 38. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். டீக்கடை பெஞ்சில் ஏஜெண்ட் பாரம் நிரப்புகிறார்.

"பி.பி., சுகர் எதுனா இருக்காண்ணே?"

"பி.பி.க்கு மட்டும் ஒரு மாத்திரை..."

"அதெல்லாம் இப்ப யாருக்குத்தாண்ணே இல்ல? 'இல்லை'ன்னே போட்டுக்கறேன். சும்மா இங்க ஒரு கையெழுத்து!"

ஃபோர்மேன் ஒருநாள் மாரடைப்பில் போய்விடுகிறார். சம்சாரம் இரண்டு குழந்தைகளோடு பத்து லட்ச ரூபாய் பாலிசியைத் தூக்கிக் கொண்டு போகிறார். வருகிறது கடிதம்: 'உண்மையை மறைத்து எடுத்த பாலிசி. பணம் இல்லை.'

பல வீடுகளில் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. ஆயுள் பாலிசி ஆரம்பித்து 3 வருஷம் தாண்டிவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது. நடுவில் பாலிசி காலாவதியாகி மறுபடி உயிர்ப்பித்திருந்தால், கணக்கு அந்தத் தேதியிலிருந்து. 3 வருஷத்துக்குள் என்றால் மறுக்கலாம். ஆனால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். மோசடி இல்லை, தவறான தகவல் என்ற அடிப்படையில் மறுத்தால் கட்டிய பிரீமியத்தையாவது திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் அந்த அம்மாவுக்கு யார் சொல்வார்கள்? நீங்கள் சொல்லலாம்.

புகார் எழுதுகிறவர் கவனத்துக்கு!

1. முதல் கடிதம் கம்பெனிக்கே. அனுப்பியதற்குச் சாட்சி வைத்துக் கொள்ளுங்கள். 'போன்ல சொன்னேன் சார்' என்பது செல்லாது.

2. மறுத்துவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு மாதமாகியும் பதிலே வரவில்லை என்றாலோ ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும்.

3. அதே வழக்கு கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கக் கூடாது.

4. ஆன்லைனிலும் கொடுக்கலாம். வீடியோவில் விசாரணை நடத்தவும் 2021 முதல் விதியில் இடமுண்டு. ஷிப்ட் போகாது!

5. தேவையான காகிதமெல்லாம் சேர்ந்ததும் 3 மாதத்தில் தீர்ப்பு. கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். மெடிக்கல் பாலிசியில் தாமதித்தால் நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2024-ல் ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது.

6. தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலை, ஆரம்பாக்கத்தில் வீடு என்றால் கவலை வேண்டாம். குடியிருக்கும் இடத்தை வைத்துச் சென்னையிலேயே கொடுக்கலாம்.

இங்கே வேலைக்காகாது!

இ.எஸ்.ஐ. தகராறை அங்கே கொண்டு போகாதீர்கள். 'ஸ்டேட் இன்ஷூரன்ஸ்' என்று பெயரில் இருந்தாலும் அதற்குத் தனிச் சட்டம், தனிக் கோர்ட். லாரி இடித்து நஷ்ட ஈடு கேட்பதற்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து எடுத்த குரூப் மெடிக்கல் பாலிசியில் கிளெய்ம் மறுக்கப்பட்டால், தாராளமாக எழுதலாம். 'எச்.ஆர். பார்த்துக்குவாங்க' என்று உட்கார்ந்திருந்தால் ஒரு வருஷம் ஓடிப் போகும்.

திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் உலைக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே உழைக்கிறவனுக்கு பாலிசி என்பது வரிச் சலுகைக் காகிதம் இல்லை. வீட்டின் இரண்டாவது சம்பளக்காரன். அந்தச் சம்பளக்காரனை ஒருவர் வாசலில் நிறுத்தி 'போ' என்றால், 'ஏன்?' என்று கேட்க நமக்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஓட்டுச் சீட்டு செல்லாது. ஒரு வெள்ளைத் தாள் செல்லும்.

ஆகவே இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். பாலிசியைத் தேடி எடுங்கள். பாரத்தின் நகலில் ஏஜெண்ட் 'இல்லை' என்று போட்ட இடங்களைப் படியுங்கள். தப்பாக இருந்தால் இப்போதே கம்பெனிக்கு எழுதித் திருத்துங்கள். நாமினி பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு எடுத்ததை மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம்.

கடைசியாக, அதை எந்த டிராயரில் வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் படுங்கள். பாஸ்வேர்டு மாதிரி ரகசியமாக வைக்க வேண்டிய சமாசாரம் இல்லை அது!